சக்கரம் வச்ச கோழிக்கூடு

எங்க வீட்டுக் கோழிக்கூட்டுக்குச் சக்கரம் வச்சிருந்தாவ. சிரிக்கியளா? சிரிங்க. பக்கத்து வீட்டுக் கூடா இருந்தா நானும் வவுத்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சிருப்பேன். எங்க வீட்டுதுல்லா, அதான் சிரிப்பு வரல. ஆத்திரந்தான் வந்துச்சு.

நாலு சக்கரம். ஆஸ்பத்திரியில ஆளப் படுக்கவச்சு உருட்டிட்டுப் போவாவல்லா, அந்தக் கட்டிலுக்கு இருக்கமாதிரி ரப்பர் சக்கரம். கூட்ட எங்கயும் உருட்டிட்டுப் போவப் போறமா? இல்ல. இந்தியா கேட்டப் பாக்கணும்னு எந்தக் கோழியாவது எங்கிட்ட வந்து அழுதுச்சா? அதுவும் இல்ல. பின்ன எதுக்குச் சக்கரம்? எங்க மருமவன் கவுருமெண்டு உத்தியோகம், அதான்.

இருங்க, கோழி வந்த கதைய மொதல்ல சொல்லிருதேன்.

எங்க தமிழ்ச் சபையில வருசா வருசம் அறுப்பின் பண்டிகை உண்டு. ஊருன்னா நெல்லு, வாழத்தாரு, பனங்கெழங்குன்னு கொண்டாந்து படைப்பாவ. டில்லியில எவன் வயல் வச்சிருக்கான்? முட்டைக்கோசும் கேக்கும், பெட்டி பிரிக்காத குக்கரும் வரும். ஆராதனை முடிஞ்சதும் அதையெல்லாம் ஏலம் போடுவாவ. அதுல ஒரு பழக்கம். ஒருத்தர் ஒரு பூசணிக்காய ஏலத்துல எடுப்பாரு. எடுத்த கையோட, பெரிய மனுசனாட்டம், "திரும்பப் போடுங்க"ம்பாரு. அடுத்தவரு எடுப்பாரு. அவரும் "திரும்பப் போடுங்க". சபைக்குக் காணிக்கை சேரும், எடுத்தவருக்குக் கவுரவம் சேரும், பூசணிக்காய்க்குத் தல சுத்தும்.

அந்த வருசம் ஃபரீதாபாத் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம், கூடையில நாலு நாட்டுக்கோழியக் கொண்டாந்து வச்சிட்டாவ. எங்க மருமவன் கட்டடத்துக்குப் படம் வரையிற ஆபீசு. அதே ஆபீசுல அவியளுக்கு மேல உள்ளவரும் எங்க சபைதான். அவரு ஒண்ணு சொல்ல, இவிய ஒண்ணு சொல்ல, கோழி கெக்கெக்கேன்னு ஒண்ணு சொல்ல, கடைசியில இவியதான் ஜெயிச்சாவ. நெஞ்ச நிமித்தி எந்திச்சு நின்னு, "திரும்பப்..."னு வாயத் தொறந்தாவ. திரும்பப் போட அங்க கூடை இல்ல. கூடை எம்மடியில. நான் ஆட்டோவுல.

வீட்டு வாசல்ல மவ மறிச்சா. அவ நர்சு. ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்ததால கோயிலுக்கு வரல. கண்ணு ரெண்டும் செவந்து நிக்கா.

"யம்மா, இது என்னது?"

"கர்த்தர் குடுத்தது."

"கர்த்தர் மேல பழியப் போடாத. இத யாரு பாக்கது?"

"நீ பாக்காண்டாம்டீ. நான் பாக்கேன். எனக்கு இங்கன வேற என்ன ஜோலி? டிவியில இந்திக்காரி அழுதா. எதுக்கு அழுதான்னு வெளங்காமலே நானும் கூட அழுதுட்டுக் கெடக்கேன்."

நாங்க இருக்கது கிட்வாய் நகர்ல, மருமவனுக்குக் கவுருமெண்டு குடுத்த குவார்ட்டர்ஸ், கீழ் வீடு. கீழ் வீட்டுக்காரங்களுக்குப் பின்னால ஒரு துண்டு மண்ணு கெடைக்கும். அங்கன மூலையில பழைய கூலர் ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. தண்ணி ஊத்தி ஓட்டுவாவல்லா, அந்தத் தகரப் பெட்டி. மோட்டாரக் கழட்டி, புல்லுத் தட்டிய எடுத்து எறிஞ்சிட்டு, உள்ள ஒரு கம்பக் குறுக்க வச்சேன். ராத்திரி கோழிக்கு அது போதும். மூடிட்டா எறும்புகூடப் போவாது. பகல்லதான் பாடு. தொறந்துவிட்டா வானத்துல பருந்து, செவத்துல பூன. ஒருநாள் நான் அரிசி கழுவி வச்சிட்டு வாரதுக்குள்ள வெள்ளக்கோழியப் பூன கொண்டு போயிட்டு. செறகு மட்டுந்தான் கெடந்துச்சு.

மவ ஒத்த வார்த்தையில தீர்ப்பு எழுதிட்டா.

"இன்னும் ஒண்ணு போச்சுன்னா மிச்சத்தக் கறிக்கடைக்காரன்ட்ட குடுத்துருவேன். நெசமாத்தாம்மா சொல்லுதேன். எனக்கு ஆஸ்பத்திரியில பாக்குற சாவே போதும்."

அவ சொன்னாச் செய்வா. எனக்குப் பிறந்தவல்லா.

அதனால பகல்ல கோழி மேய்றதுக்கு வலையடிச்ச கூடு ஒண்ணு வேணும்னேன். குனிஞ்சு கையவிட்டு முட்டை எடுக்குற கூடு ஆவாது. எம்முட்டு மடங்கினா நிமிராது, நிமிந்தா மடங்காது. வீட்டுக்குள்ள போறமாதிரி கதவத் தொறந்து, நின்னமட்டும் உள்ள போவணும், எரையப் போடணும், கூட்டணும், கோழிட்ட ரெண்டு வார்த்த பேசணும், வரணும். இம்புட்டுத்தான் நான் கேட்டது. தாஜ்மகாலா கேட்டேன்?

மருமவனுக்கு முகம் மலந்துபோச்சு. இத்தன வருசமா அடுத்தவன் கட்டடத்துக்கே படம் போட்டவியல்லா. பெரிய தாள விரிச்சு, சாப்பாட்டு மேசைய மூணு நாளைக்கு யாருக்கும் குடுக்கல. நாங்க கட்டில்ல உக்காந்து தின்னோம். மேல இருந்து பாத்தா எப்படி, பக்கத்துல நின்னு பாத்தா எப்படி, வெட்டிப் பாத்தா எப்படின்னு எல்லாப் படமும் போட்டாவ. ஓரத்துல அம்பு போட்டு, வடக்கு எந்தப் பக்கம்னுகூட எழுதியிருந்துச்சு. நான் கேட்டேன்:

"மாப்ள, வடக்கு தெரியாம என் கோழி எங்கயும் வழி தப்பிருமா?"

"அத்தை, படம்னா நார்த் போடணும். அது முறை."

"சரி. பூமிக்குள்ள வலைய எம்புட்டு எறக்கியிருக்கிய? ஒரு மொழமாவது வேணும். கீரி தோண்டும்."

அவ்வளவுதான். மலந்த முகம் வாடிப்போச்சு.

"தோண்டக் கூடாது அத்தை. செங்கல் கூடாது, சிமெண்ட் கூடாது. தரையில பதிச்சா அது பக்கா கட்டடம். குவார்ட்டர்ஸ் ஆபீஸ்காரன் நோட்டீஸ் குடுத்துருவான்."

இங்கனதான் எனக்கு ஏறுச்சு. எங்களுக்கு எடது பக்கத்து வீட்டுக்காரன் பின்னால ஒரு முழு ரூமே கட்டி, பாத்ரூம் வச்சு, அதுல ஒரு ஆளக் குடிவச்சிருக்கான். அந்த ரூமுக்கு ஏசி வேற. வலது பக்கத்துக்காரன் காரு நிறுத்தக் கூரை போட்டு, அந்தக் கூரைக்கு மேல தோட்டம் போட்டுருக்கான். அவனுக்கெல்லாம் வராத நோட்டீசு என் மூணு கோழிக்கு வருமாம்! எங்க மருமவன் இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருசம். ஒரு செவத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல. காலண்டரு கதவுப் பிடியில தொங்குது, தொறக்கும்போது ஆடுது. ஏசுசாமி படம் பிரிட்ஜு மேல சாஞ்சு நிக்கி. வீட்ட ஒப்படைக்கும்போது ஓட்டை எதுக்குன்னு கேப்பானாம். கேட்டா, "ஆண்டவர் தொங்கினாரு"ன்னு சொல்லுங்கன்னேன். மொறைச்சாவ.

"அப்ப என்னதான் செய்யப் போறிய?"

"டெம்பரரி அத்தை. உருட்டுற மாதிரி செஞ்சிட்டா அது கட்டடமே இல்ல. வண்டி. வண்டிக்கு அவன் நோட்டீஸ் குடுக்க முடியாது."

நான் மூணாங்கிளாஸு. எனக்கு ரூலு தெரியாது. ஆனா கீரிக்கும் ரூலு தெரியாதேன்னேன். காதுல வாங்கல.

கோட்லா பசார்ல ஒரு வெல்டிங் கடை பையாட்ட சொல்லி, எங்க பின்பக்கத்து மண்ணுலயே வச்சு இரும்புச் சட்டம் அடிச்சாச்சு. ஆறடிக்கு மேல ஒசரம். சுத்தி நல்ல கெட்டிக் கம்பி வலை, மேலயும் வலை. கொறை சொல்லப்பிடாது, கதவு நல்ல கதவு, கொண்டியும் நல்ல கொண்டி. பையா சக்கரத்த வைக்கும்போது ஒருதரம் கூட்டப் பாத்தான், ஒருதரம் மருமவனப் பாத்தான்.

"சாப், இத எங்க கொண்டு போவிய?"ன்னு இந்தியில கேட்டான்.

"எங்கயும் இல்ல."

"அச்சா"ன்னுட்டு குனிஞ்சிட்டான். அந்த ஒத்த அச்சாவுல என்னவெல்லாம் இருந்துச்சுன்னு எனக்குல்லா தெரியும்.

பின்வாசல் கதவு அந்தக் கூட்டுல பாதி அகலங்கூட இல்ல. உருட்டினா செவத்துல முட்டும், அம்புட்டுத்தான். ஆனா சக்கரம் வச்சதால கூடு தரையில இருந்து ஒரு சாண் தூக்கிட்டு நின்னுச்சு. அந்தச் சந்துக்குச் செங்கல் வைப்பமான்னா, செங்கல் பக்காவாம். பழைய லாரி ட்யூப வாரு வாரா அறுத்து, கீழ தொங்கவிட்டாவ. பாக்க ஆபீசுல ஏசி ரூம் வாசல்ல தொங்குமே, அதுமாதிரி.

"கீரிக்கு வசதியாப் போச்சு மாப்ள. ஒதுக்கிட்டு உள்ள வரும். வாசல்ல ஒரு பாயும் போட்டுருங்க, கால் தொடைக்கட்டும்."

மவ சிரிச்சிட்டா. அதுல அவியளுக்கு ரோசம் வந்து, அன்னைக்கு எங்கிட்ட பேசவேயில்ல.

மாடியில ஒரு மாமி இருக்கா. என்னையவிட மூத்தவ, ஆனா என்னையப் பாட்டிம்பா. அவ வீட்டுல முட்டைகூடத் தொடமாட்டாவ. கோழி வாசத்துக்கு முந்தானையால மூக்கப் பொத்திக்கிடுவா. பொத்திக்கிட்டே பால்கனியில நின்னு கோழியப் பாத்துட்டே இருப்பா. கூட்டப் பாத்துட்டு மேல இருந்து, "பாட்டி, என்ன இது, தேரா?"ன்னா. எனக்கு மானமே போயிட்டு.

நான் சொன்னது நடக்க ரொம்ப நாள் ஆவல. ஒரு ஞாயித்துக்கிழமை, கோயில் முடிஞ்சு வந்து, நல்ல சேலையக்கூட மாத்தாம கம்புத் தானியக் கிண்ணத்தோட கூட்டுக்குள்ள போனேன். கதவச் சாத்திக்கிட்டேன், இல்லன்னா கருப்புக்கோழி கருப்பி ஓடிருவா. மாடித் தண்ணித் தொட்டி காலையில இருந்து நெறஞ்சு வழிஞ்சு, கூட்டோட ஒரு மூலை சேறாக் கெடந்துச்சு. எரைய வீசிட்டு நிமிருதேன், அந்த ரப்பர் வார ஒதுக்கிட்டு ஒரு மூக்கு. அடுத்து ரெண்டு கண்ணு. பெறவு முழுக் கீரி. கல்யாண வீட்டுக்கு வாரமாதிரி வருது!

பாஞ்சு செவப்பியோட தொடையக் கவ்விட்டு. நான் கிண்ணத்தால சாத்துதேன், கோழி கத்துது, நான் கத்துதேன், எது கோழி எது நான்னு தெரியல. மருமவன் கோயில் சட்டையோட ஓடியாந்தாவ. வந்தவிய கதவத் தொறக்கணுமா இல்லையா? தொறக்கல. கூட்டச் செவத்தோட ஒட்டித் தள்ளிட்டா சந்து அடைஞ்சிரும்னு அவிய மூளைக்குத் தோணியிருக்கு. சக்கரம் இருக்குல்லா! ரெண்டு கையையும் குடுத்துத் தள்ளுதாவ. நான் உள்ள.

"சார்! தள்ளாதேள்! பாட்டி உள்ள இருக்கா!" மாடியில இருந்து மாமி அலறுதா.

"மாப்ள! இது கூடா, தேரா? என்னைய வச்சு இழுக்கிய!" இது நான்.

ஒரு சக்கரம் சேத்துல எறங்கிட்டு. கூடு மொத்தமும் ஒருக்களிச்சு, சட்டம் முறுக்கிக்கிட்டு, நான் வலையப் பிடிச்சுத் தொங்குதேன். அந்த ஆட்டத்துல கீரி பயந்து செவப்பிய விட்டுட்டு, வந்த வழியே ரப்பர ஒதுக்கிட்டுப் போயிட்டு. அதுக்கு வழி தெறந்து கெடந்துச்சு. எனக்கு இல்ல. சட்டம் முறுக்கினதுல கதவு கல்லாட்டம் எறுகிட்டு.

அவிய இழுத்தாவ. அசையல. கரண்டியக் குடுத்து நெம்பினாவ, கரண்டி வளைஞ்சுச்சு. கடைசியில காரு ஜாக்கியக் கொண்டாந்து சேத்துல எறங்கின மூலையத் தூக்கினப்புறந்தான் கதவு விட்டுச்சு.

"அத்தை, வாங்க வெளிய. அடி கிடி பட்டுச்சா?"

"எனக்குப் படல. இதுக்குப் பட்டிருக்கு." செவப்பி என் கையில. சேலையெல்லாம் ரத்தம்.

"சரி, வாங்க."

"வரமாட்டேன்."

"என்னத்தை?"

"சக்கரத்தக் கழட்டுங்க. வலைய மண்ணுக்குள்ள ஒரு மொழம் எறக்குங்க. அதுவரைக்கும் நான் இங்கனதான்."

கூட்டுக்குள்ளயே வச்சிருந்த கூலர் பெட்டிமேல உக்காந்துட்டேன். இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து டிவியில பாக்கேன், எவனுக்கு என்ன வேணும்னாலும் தரையில உக்காருதான். ஜந்தர் மந்தர் வரைக்கும் போவ எனக்கு முட்டு ஒத்துக்கிடாது. எனக்கு இது போதும்.

"அத்தை, அக்கம்பக்கம் பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

மாமி காய்காரனுக்குக் கூடை எறக்குற கயித்துல ஒரு பிளாஸ்க் காப்பிய எறக்கிட்டா. எறக்கிட்டு மேல இருந்தே, "சார், அந்தச் சக்கரத்தக் கழட்டிடுங்கோ. பாட்டி சொல்றது நியாயம்"ங்கா. அவ தொட்டித் தண்ணியாலதான் சேறானதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காப்பி அதுக்குத்தான். நல்ல காப்பி, அதச் சொல்லணும்.

மருமவன் வலைக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணுலயே குத்தவச்சிட்டாவ. கோயில் பேண்டு நாசமாப் போவுது, பாக்கல. மெதுவாச் சொன்னாவ:

"உங்களுக்கு வெளையாட்டா இருக்கு அத்தை. இந்த ஊர்ல நமக்குன்னு சொந்தமா ஒரு அடி மண்ணு கெடையாது. ரிட்டயர் ஆவப் போற நேரத்துல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்து, வீட்டக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா எங்க போவ?"

அந்த மனுசன் மொகத்துல நெசமான பயம் இருந்துச்சு. ஆணி அடிக்காம, காலண்டர ஆடவிட்டு, இத்தன வருசமா அந்தப் பயத்தோடயே படுத்து எந்திச்சிருக்காவ. எனக்கு ஒருமாதிரி ஆயிட்டு. ஆனாலும் மடியில செவப்பி நடுங்குதா.

"கோழிக்கூட்டுக்காவ எவனும் வீட்டவிட்டு எறக்கமாட்டான் மாப்ள. எறக்கினா இதுலயே இருந்துக்கிடுவோம். அதான் ஆறடி ஒசரம், சக்கரம் வேற இருக்கே."

சிரிக்கக்கூடாதுன்னு ஒதட்டக் கடிச்சாவ. முடியல.

அந்த நேரம் பாத்து மவ டூட்டி முடிஞ்சு வந்துட்டா. யூனிபார்மு, தோள்ல பையி. புருசன் சேத்துல, ஆத்தா கூட்டுக்குள்ள, மாடியில இருந்து பிளாஸ்க் தொங்குது. நேர உள்ள வந்து செவப்பியத் திருப்பிப் பாத்தா. அவ சொன்ன தீர்ப்பு எனக்கு மறக்கல.

"ஏட்டி, இது செத்தாத்தான கணக்கு?"

"பேசாமப் பிடிம்மா. காலப் பிடி. அங்க இல்ல, மேல."

அந்த யூனிபார்மோட மண்ணுல முட்டுப்போட்டு, உப்புத்தண்ணி விட்டுக் கழுவினா. செறகக் கத்திரிச்சா. மருந்து வச்சா. அவ கை கோழிமேல படுறத நான் மொதத்தடவையாப் பாக்கேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சிட்டு"ன்னு அதுகிட்ட மெல்லச் சொல்லுதா. எங்கிட்ட அவ அப்படிப் பேசி வருசமாச்சு. கெடக்கட்டும்.

எல்லாம் முடிச்சுக் கையத் தொடச்சிட்டு, புருசனப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா:

"கடப்பாரை யாருட்ட இருக்கு?"

எங்க வீட்டுல கடப்பாரை ஏது? ஆணியே இல்லாத வீடு. எடது பக்கத்து வீட்டுக்காரன்ட்ட போயிக் கேட்டாவ. அவன் கடப்பாரை, மம்பட்டி, மிச்சமிருந்த செங்கல் எல்லாத்தையும் சந்தோசமா எடுத்துக் குடுத்தான். "வலை எதுக்கு சாப், ஒரு முழு ரூமா போட்டுருங்க, நல்ல வாடகை வரும்"னு யோசனையுங் குடுத்தானாம். மருமவன் வந்து சொல்லும்போது மொகம் வேர்த்துக் கெடந்துச்சு.

தோண்டுனாவ. எங்க மருமவன் மண்ணுல கடப்பாரை போட்டத அன்னைக்குத்தான் பாத்தேன். மொதக் குத்துக்கு முன்னால ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டாவ, களவாணி மாதிரி. நாலாவது குத்துல அதெல்லாம் மறந்துபோச்சு. சட்டையக் கழட்டி எறிஞ்சிட்டு, நாடாவ வச்சு அளந்து அளந்து, ஒரு மொழம் கேட்டதுக்கு ஒண்ணரை மொழம் எறக்கினாவ. அடியில வலைய வெளிப்பக்கமா மடிச்சு, அதுமேல செங்கலப் பாவி மூடியாச்சு. கழட்டின சக்கரத்த மாமி வாங்கிட்டுப் போயி, காஸ் சிலிண்டர் வைக்குற பலகைக்கு மாட்டிக்கிட்டா.

கீரி மறுபடி வந்துச்சு. சுத்திச் சுத்தி வந்து, ரெண்டு எடத்துல பெராண்டிப் பாத்துட்டு, என்னைய ஒரு மொற மொறச்சிட்டுப் போயிட்டு. நோட்டீசு இன்னும் வரல. செவப்பி நொண்டி நொண்டி நடக்கா, முட்டையும் இடுதா. கறிக்கடைப் பேச்ச மவ எடுக்கதே இல்ல.

எடுக்கதில்ல, ஆனா அவ செய்யுத காரியத்தக் கேளுங்க. காலையில டூட்டி முடிஞ்சு வந்ததும், உடுப்புக்கூட மாத்தாம, பிளாஸ்டிக் ஸ்டூல எடுத்துட்டு நேரா கூட்டுக்குள்ள போயிருதா. செவப்பி மடியில, டீ கையில, கண்ண மூடிட்டு உக்காந்திருக்கா. பேசுனா, "ஷ்ஷ்"ங்கா. அவ எந்திச்சா மருமவன். ஆபீசுக்குப் போன் பேசணும்னா இப்ப அவியளுக்குக் கூட்டுக்குள்ள நடந்தாத்தான் வார்த்த வருதாம். ஆறடி ஒசரமுல்லா, தல இடிக்காது! சாயங்காலம் மாமி எறங்கி வாரா, மூக்குல முந்தானை, கையில கீரத்தண்டு. "பாட்டி, ஒரு நிமிஷம், நான் போட்டுட்டு வந்துடறேன்"னு அவளும் உள்ள.

எம்முட்டு மடங்காதுன்னு நான் சண்ட போட்டு, தர்ணா இருந்து வாங்கின கூடு. இன்னைக்கும் கிண்ணத்தோட வெளியதான் நின்னேன்.

"ஏட்டி, கதவத் தொற. கோழிக்கு எரை போடணும்."

"போட்டாச்சும்மா."

போட்டாளாம்! இவள யாரு போடச் சொன்னது?